பெட்டிக் கணக்கு

"இன்னும் பெட்டி வரல சித்தி. வந்ததும் சொல்றேன்" என்று அவள் போனை வைத்தாள். துக்கம் கேட்க வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த டைல்ஸ் மேஸ்திரி திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"பெட்டியெல்லாம் வந்து இறங்கிருச்சேம்மா. இனிமே வர வேண்டியது ஒண்ணுமில்லையே?"

அவள் ஒரு கணம் விழித்தாள். அவள் சொன்னது அப்பாவுக்கான சவப்பெட்டியை. மேஸ்திரியின் உலகத்தில் பெட்டி என்றால் ஒன்றுதான், அதற்குள் டைல்ஸ் இருக்கும்.

அப்பா ஹாலில், புதுத் தரையின் நட்டநடுவில், பெஞ்சின் மேல் படுத்திருந்தார். முந்தின நாள் காலையில் கைத்தடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டி, எங்கே உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கிறது என்று மேஸ்திரியை மாட்டிவைக்கத் தேடிக்கொண்டிருந்தவர், தட்டிய இடத்திலேயே உட்கார்ந்து, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். எந்த டைல்ஸும் பொள்ளலாக இல்லை. அந்த ஏமாற்றமும் சேர்ந்துகொண்டதோ என்னவோ.

"அண்ணன் எதையும் அளந்துதான் பேசுவார், அளந்துதான் சாப்பிடுவார்" என்று சித்தப்பா நாற்காலிகளுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தார். அப்பா அளப்பார் என்பதில் தெருவில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஸ்டோர் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர், அந்த ஸ்டோர் இல்லையென்றால் நாடே நின்றுபோயிருக்கும் என்கிற தோரணையில் நடந்தவர். சட்டைப்பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் இரும்பு டேப்பு. தரை போடுவதென்று முடிவானதும் பக்கத்து வீட்டுக்காரரைக்கூட நிறுத்தி வைத்துப் பாடம் எடுத்தார்: "நீளத்த அகலத்தால பெருக்கணும் சார். பெருக்குனதுல பத்துல ஒரு பங்கு சேதாரத்துக்கு சேக்கணும். வெட்டுறதுல உடையும். இது தெரியாம ஊரே ஏமாந்து நிக்குது."

அளந்தபோது டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் அவள்தான். ஹால், சமையலறை, அப்பாவின் அறை, வருஷத்துக்கு ஒருமுறை தம்பி வந்து தூங்கும் அறை என்று எல்லா இடத்திலும் மண்டியிட்டுப் பிடித்தாள். அவளுடைய அறை வாசலுக்கு வந்ததும் அப்பா டேப்பைச் சுருட்டிவிட்டார்.

"உன் ரூம் அளவு எனக்கு மனப்பாடம்மா."

அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்த வருஷம் வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள். நான் போனாலும் இந்த அறை உன்னுது என்று அவரே சொல்லியிருந்தார். அவர் அவளிடம் சொன்னதிலேயே பிரியமான வார்த்தை இந்த மனப்பாடம்தான் என்று நினைத்து, அன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்துபோனாள். அப்பா அதையும் கண்டுபிடித்துச் சொன்னார்.

"என் ரூமுக்கு இன்னும் பெட்டி வரணுமே மேஸ்திரி?" என்றாள் இப்போது.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அந்த ரூம் கணக்குலயே இல்லீங்களே. அத இடிச்சுட்டு மாடிப்படி வருதுன்னாரு சார். மேல தம்பிக்கு வீடு எடுக்கப் போறாராமே." அவள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்மா" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

தம்பி தூணோரம் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவள் அருகில் போனாள்.

"மாடிப்படியா?"

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்."

"நான் எங்கடா இருப்பேன்?"

"அவளுக்கு ஹால்லயே ஒரு கட்டில் போட்டா போதும், அவ என்ன கேக்கப் போறான்னு அப்பாதான் சொன்னாரு. சத்தியமா நான் சொல்லலக்கா."

சித்தப்பா அளவின் மகிமையில் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தார்.

பெட்டி வந்தது. அப்பாவை உள்ளே வைத்ததும் பெட்டிக்காரர் முகம் சுளித்தார். காலுக்குக் கீழே பெரிய இடைவெளி.

"உயரம் அஞ்சடி ஒம்போதுன்னு யார் சொன்னது?"

"அப்பா எப்பவும் அப்படித்தான் சொல்வாரு" என்றான் தம்பி.

அவளைக் கேட்டிருக்கலாம். அஞ்சடி ஒன்பதெல்லாம் எப்போதோ கழன்று போயிருந்தது. முதுகும் முழங்காலும் வளைய வளைய, ஒவ்வொரு புது பேண்ட்டின் அடியிலும் கொஞ்சம் வெட்டித் தைத்தவள் அவள். "கடைக்காரன் நீளமா தச்சுட்டான்ப்பா" என்பாள் ஒவ்வொரு முறையும். "அவனுங்களுக்கு அளக்கவே தெரியாது" என்பார் அவர்.

"தூக்கும்போது நகந்துரும். பழைய துணி ஏதாவது குடுங்க, அடைச்சிரலாம்" என்றார் பெட்டிக்காரர். தம்பி அக்காவைப் பார்த்தான். சித்தப்பாவும் பேச்சை நிறுத்திவிட்டு அவளைத்தான் பார்த்தார். இந்த வீட்டில் எது வேண்டுமானாலும் அவளைப் பார்ப்பதுதான் வழக்கம்.

அவள் தன் அறைக்குப் போய் ஒரு துணிப்பையோடு வந்தாள். பேண்ட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள். சாம்பல், காக்கி, கறுப்பு. எதற்காவது ஆகும் என்று போட்டு வைத்தவை. மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுருட்டி அவர் பாதத்துக்குக் கீழே வைத்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்த அதே மண்டி. கடைசித் துண்டையும் திணித்தபோது பாதம் அசையாமல் நின்றது. பை காலி.

பெட்டிக்காரர் ஆட்டிப் பார்த்தார். "அடேயப்பா, அளந்து வெச்ச மாதிரி இருக்கே!"

"மனப்பாடம்" என்றாள்.

மூடியை எடுக்க ஆட்கள் குனிந்தார்கள். "தரை பாத்து, தரை பாத்து" என்று மேஸ்திரி பதறினார். அவள் காலிப் பையை உதறி நாலாக மடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள். பளபளத்த டைல்ஸ் முடிந்த இடத்தில், தன் அறையின் பழைய சிமெண்டுக்குள் இறங்க, ஒரு விரற்கடை பள்ளம் இருந்தது. பழக்கமில்லாத கால் லேசாகத் தடுக்கியது.