நாலு மணி ஜன்னல்

பாம்ம்ம் என்று எழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. மேஜைமேல் இருந்த தண்ணீர் ஜாடியின் மூடி கடகடவென்று ஆடி நின்றது. கால் வலிக்கிறதென்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மச்சான் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்றுவிட்டார்.

“என்னய்யா இது, இடியா?”

“கப்பல். நம்ம கப்பல்தான் வந்து நிக்குது.” டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து நாப்பது. பத்து நிமிஷம் லேட்டு.”

“போய் மெமோ குடுத்துட்டு வாங்க மாப்ளே.”

டைம் கீப்பர் என்பது அவர் பார்த்த வேலை. பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் விசில் ஊதி வண்டிகளை அனுப்பியவர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் வேலை போய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. மச்சான் அதே நிலையத்தில் டிரைவராக இருந்தவர். தாமதமாக வண்டி எடுத்ததற்காக இவர் கையால் ஒன்பது மெமோ வாங்கியவர். ஆறாவது மெமோவுக்கு அப்புறம்தான் தன் தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுத்தார். “அப்பவாவது குறையும்னு நெனச்சேன்” என்று இன்றைக்கும் சொல்லுவார்.

மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் அவர், மனைவி, மச்சான் மூவரும் நாளைக்குக் கப்பலேற வேண்டும். ஏழு நாள் பயணம். ஒரு மணிக்கு ஏறுதல், நாலு மணிக்குப் புறப்பாடு. அதற்கு முன்னால் இன்று ஓர் இரவு தங்க ஓர் அறை. அவ்வளவுதான் விஷயம். அந்த ஓர் அறைக்காகக் காலை எட்டு மணியிலிருந்து பெட்டிகளை உருட்டிக்கொண்டு இது மூன்றாவது ஹோட்டல்.

முதல் ஹோட்டல் ரயில் நிலையத்துக்கு எதிரில். சுத்தமான அறை, மெத்தென்ற கட்டில். அவர் கட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்தார், வெளியே பார்த்தார், “ஒத்துவராது” என்றார். இரண்டாவது துறைமுக வாசலிலேயே இருந்தது. பெட்டியோடு ஐந்து நிமிஷம் நடந்தால் கப்பல். அங்கேயும் ஜன்னலுக்குத்தான் போனார். எதிரே கிடங்குச் சுவர். “ஒத்துவராது.”

“ஒரு ராத்திரி தூங்கறதுக்கு ஜன்னல்ல என்ன இருந்தா என்னங்க?” என்று கேட்டாள் மனைவி.

“பார்த்து எடுக்கணும்மா.”

இப்போது எட்டாவது மாடி. துறைமுகத்திலிருந்து தள்ளி, மேட்டுச் சாலையில் இருந்தது. ஆனால் ஜன்னலில் கப்பல் முழுசாகத் தெரிந்தது. வெள்ளை வெளேரென்று, மாடி மாடியாக, பக்கவாட்டில் கிடத்திய அடுக்குமாடிக் கட்டிடம் மாதிரி. டைம் கீப்பர் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. சாவியோடு கூட வந்திருந்த வரவேற்புப் பெண்ணிடம் கேட்டார்.

“நாலு மணிக்கு இந்த ஜன்னல்ல வெயில் அடிக்குமாம்மா?”

“இல்ல சார். மதியத்துக்கு மேல வெயில் பின்பக்கம் போயிடும்.”

“கப்பல் அந்த முனை திரும்புற வரைக்கும் தெரியுமா?”

“நல்லாத் தெரியும் சார். இங்க தங்கறவங்க நின்னு பார்ப்பாங்க.”

மனைவி குறுக்கே வந்தாள். “நாளைக்கு நாலு மணிக்கு நாம அந்தக் கப்பலுக்குள்ள இருப்போம். இங்க வெயில் அடிச்சா என்ன, மழை பெஞ்சா என்ன?”

“பொதுவாத்தான் கேட்டேன்.”

மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டே முணுமுணுத்தார். “எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மா ஓடாது.”

வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பள்ளிச் சீருடை தைப்பவள் மனைவி. இந்தப் பயணத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவரோடு பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஓர் ஊருக்கும் போனதில்லை. அம்மா வீட்டுக்கு, உறவுக்காரர் கல்யாணத்துக்கு, மகளைக் காலேஜில் சேர்க்க, எல்லாவற்றுக்கும் ஜன்னலோர இடம் பிடித்து ஏற்றிவிடுவார். லீவு இல்லை என்பார். விசில் ஊதுவார். பஸ் வாசலைத் தாண்டித் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நிற்பார். பிறகு யாராவது ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்து, தூங்கி, அவள் தோளிலேயே சரிவாள். இந்த ஒரு தடவையாவது பக்கத்து இடத்தில் அவர் இருக்க வேண்டும். அதற்காகவே அவள் ஆறு மாதமாகக் காத்திருந்தாள்.

“இதுவே இருக்கட்டும்” என்றார் டைம் கீப்பர்.

கீழே வரவேற்பு மேஜையில் படிவத்தைக் கொடுத்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து சொந்தப் பேனாவை எடுத்தார். அந்தப் பையில்தான் விசிலும் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதை வீட்டில் வைத்துவிட்டு வர அவருக்கு மனசு வந்ததில்லை. மேஜையை ஒட்டிக் குனிந்து, கட்டம் கட்டமாக, நிதானமாக எழுதினார்.

தையல் அளவுச் சீட்டை எந்தப் பக்கமிருந்தும் படித்துப் பழகிய கண் மனைவிக்கு. பக்கவாட்டில் நின்றே படித்துவிட்டாள்.

தங்குவோர்: இன்று மூவர். நாளை முதல் ஏழு நாள்: ஒருவர். தங்கும் நோக்கம்: வழியனுப்புதல்.

நோக்கம் என்ற கட்டத்தை அவர் வெறுமனே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் முப்பத்தொரு வருஷம் பதிவேட்டில் ஒரு கட்டத்தைக்கூட வெறுமையாக விடாத மனுஷன். எட்டு நிமிஷத் தாமதத்தை ஏழு என்று எழுதத் தெரியாத மனுஷன்.

“யாருங்க அந்த ஒருத்தர்?”

பேனா நின்றது.

“இல்லம்மா... எனக்கு முழங்கால் சரியில்ல.”

“மூணு ஹோட்டல் ஏறி இறங்கினப்போ சரியா இருந்துச்சா?”

“தண்ணின்னா கொஞ்சம் பயம்.”

“யாரு, நீங்களா?” மச்சான் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். “வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணியில நின்னு விசில் ஊதி வண்டி எடுக்கச் சொன்ன ஆளுதானே நீங்க? எடுக்கலேன்னு எனக்கு மெமோ குடுத்தீங்களே, அப்போ பயம் எங்க போச்சு?”

“அண்ணே, நீ சும்மா இரு.” அவள் குரல் இறங்கியிருந்தது. “என்னையும் அண்ணனையும் ஏத்திவிட்டுட்டு இங்க ஏழு நாள் தனியா உக்காந்திருக்கப் போறீங்க. அதுக்குத்தான் காலையிலேர்ந்து ஜன்னல் பார்த்தீங்க. எனக்கு அறை தேடல, உங்களுக்கு நிக்க இடம் தேடியிருக்கீங்க.”

அவர் மறுக்கவில்லை. வரவேற்புப் பெண் கணினித் திரையைத் துருவித் துருவிப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

“இத்தனை வருஷம் லீவு இல்லேன்னீங்க. இப்போ என்ன இல்ல?”

அவர் கட்டைவிரல் சட்டைப்பையில் இருந்த விசிலைத் துணியோடு சேர்த்து நெருடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வாய் திறக்காவிட்டால் கை பேசும் என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் பேனாவை அவர் விரலிலிருந்து உருவினாள். ‘நாளை முதல் ஏழு நாள்: ஒருவர்’ என்பதை ஒரே கோடாக, துணியில் சாக்கட்டியால் இழுப்பதுபோல, நேராக அடித்தாள். ‘வழியனுப்புதல்’ என்பதையும் அடித்துவிட்டு, மேலே ‘கப்பல் பயணம்’ என்று எழுதினாள். படிவத்தை வரவேற்புப் பெண் பக்கம் நகர்த்தினாள்.

“நாளைக்குப் பதினோரு மணிக்கு மூணு பேரும் காலி பண்றோம்மா. மூணு பேரும்.”

“சரிங்க மேடம்.”

மச்சான் பெட்டிகளை லிஃப்ட் பக்கம் உருட்டிக்கொண்டு போனார். டைம் கீப்பர் மட்டும் நகரவில்லை. அடித்த கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மேட்டுச் சாலைக்குக் கீழே தெரிந்த துறைமுகத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கிச் சட்டைப்பையில் விசிலுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, மெதுவாக அவளிடம் கேட்டார்:

“அது சரி... நானும் ஏறிட்டா, கீழே நின்னு நமக்கு யாரு கை காட்டுறது?”