இரண்டு ரொட்டி கடித்த சவ்ரி

1999 ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு, எங்கள் பஞ்சகெந்து ஊர்ச் சவ்ரி, கிழக்கே துஷான்பே போகும் வேனிலும் மேற்கே சமர்கந்து போகும் வேனிலும் ஒருசேர ஏறி உட்கார்ந்தாள். இரண்டிலும் ஜன்னலோர இருக்கை. கிழக்கே போனவள் கையசைத்தாள். மேற்கே போனவள் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். நிலையத்தில் நின்ற பதினொரு பேரும் பார்த்தார்கள். தக்காளி பறிக்கிற காலமாதலால் அவரவர் வேலைக்குக் கலைந்து போனார்கள்.

படித்தால் பழைய மொழிகள்தான் என்பதில் சவ்ரிக்கு என்றுமே சந்தேகம் இருந்ததில்லை. ஊருக்குப் பின்னால் மேட்டில் இடிந்து கிடக்கும் பழைய நகரத்தில், மழை ஓய்ந்ததும் எழுத்துள்ள பானை ஓடுகள் மண்ணுக்கு மேலே வரும். மற்ற பிள்ளைகள் அவற்றை வாய்க்காலில் எறிந்து விளையாடுவார்கள். இவள் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். ஊரில் ஒருவருக்கும் தெரியாது, தெரியாததற்காக யாரும் வெட்கப்படவும் இல்லை. எங்கே படிப்பது என்பதில்தான் வந்தது வினை. துஷான்பே கல்லூரியில் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். சமர்கந்தில் அதற்கும் முந்தைய மொழிகள், அறை அறையாக ஏடுகள். அப்பா அஷூர், நம் தலைநகரம் இருக்க அடுத்த நாடு எதற்கு என்றார். அம்மா ஒய்தினுக்குச் சமர்கந்து இரண்டு மணி நேர வழி, தங்கை வீடும் அங்கேதான். இரண்டு மாதம் தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

“துஷான்பேக்கு ரெண்டு மலைக் கணவாய் தாண்டணும். பனி விழுந்தா ஆறு மாசம் புள்ள மொகத்தப் பாக்க முடியாது. ஒங்க மனசு என்ன கல்லா?”

“ஒன் தங்கச்சி புள்ளைக்குத் தொட்டில் ஆட்டவா அவ படிக்கப் போறா?”

சவ்ரி இரண்டு பேருக்கும் தலையாட்டினாள். அதுதான் அவள் குணம்.

ஊரைவிட்டுப் போகிறவர் ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். மிச்சத்தை ஆணியில் மாட்டி வைப்போம். அவரேதான் திரும்பி வந்து தின்று முடிக்க வேண்டும். கடித்தவர் திரும்பாமல் போனதில்லை என்று சொல்லிக்கொள்வோம். கடைசியில் அப்பா பேச்சே நிலைத்தது. ஆனால் அன்று விடியலில் ஒய்தின் வீம்புக்கு அடுப்பின் உட்சுவரில் இரண்டாவது ரொட்டியையும் அறைந்து சுட்டாள். வாசலில் அப்பா ஒன்றை நீட்ட, அம்மா மற்றதை நீட்ட, ஒருவர் மனமும் நோக வேண்டாமென்று சவ்ரி இரண்டையும் கடித்தாள். மற்றது நிலையத்தில் எல்லோரும் கண்டதுதான்.

“பாழாப்போன கை! ஒண்ணோட நிறுத்தியிருக்கக் கூடாதா?” என்று ஒய்தின் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு ஊரிலிருந்தும் ஒரே கையெழுத்தில் கடிதம் வந்தது. துஷான்பேக்காரி பல் பிடுங்கிக்கொண்ட வாரம், சமர்கந்துக்காரி கஞ்சிதான் குடிக்கிறேன் என்று எழுதினாள். மறு ஆண்டு எல்லையை மூடிவிட்டார்கள். இரண்டு மணி நேர வழி, இரண்டு நாள் சுற்றும் கிடைக்காத அனுமதியுமாக ஆயிற்று. பக்கத்தில் இருக்கட்டும் என்று அம்மா அனுப்பிய மகள்தான் எட்டாமல் போனாள்; கணவாய் தாண்டிப் போனவள் ஐந்தாம் ஆண்டு படிப்பு முடித்துத் திரும்பி, ஊர் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். தன் ரொட்டியை மட்டும் தொடவில்லை. “அவளும் வரட்டும்மா” என்றாள். அஷூர் 2009இல் இறந்தார். கடைசி வாரம் முழுக்க, மேற்கே போனவ வந்துட்டாளா, மேற்கே போனவ வந்துட்டாளா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார், பாவம்.

2018 வசந்தத்தில் எல்லையைத் திறந்தார்கள். மூன்றாம் நாள் மற்றவள் இரண்டு பை நிறையப் புத்தகங்களோடு வந்து இறங்கினாள். இவளுக்கு நரைத்த இடத்திலேயே அவளுக்கும் நரைத்திருந்தது. நேரே போய் அப்பாவின் சமாதியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தாள். பத்தொன்பது வருட ரொட்டிகள் தேநீரில் ஊறவே அரை மணி நேரம் பிடித்தது. இருவரும் தங்கள் தங்கள் ரொட்டியைத் தின்று முடித்தார்கள். இனி ஒன்றாகிவிடுவார்கள் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

ஒய்தினுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. “இப்பவாவது சொல்லுங்கடி. எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?”

ஆளுக்கு ஆள் எதிரே இருந்தவளைக் காட்டினார்கள். “அங்கதாம்மா போயிருக்கணும்.”

“அடிப்பாவிங்களா! ரெண்டுக்கும் போயுமா?” என்று சிரித்தவள், சிரித்தபடியே அழத் தொடங்கினாள். “ஒங்கப்பனும் நானும் மல்லுக்கு நின்னோமே ஒழிய, ஒனக்கு எங்கடி போகணும்னு ஒருத்தரும் கேக்கல. நான் கேட்டிருந்தா நீ முழுசா இருந்திருப்ப.”

இருவரும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னார்கள்: “கேட்டிருந்தாலும் தெரியாதுன்னுதாம்மா சொல்லியிருப்பேன்.”

பத்தொன்பது வருடமாகத் தன் கையைத் திட்டிக்கொண்டிருந்தவள் அந்தக் கையை ஒருமுறை பார்த்தாள். பிறகு அதாலேயே இருவர் முதுகிலும் ஆளுக்கொரு அறை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு பாய் விரிக்க எழுந்தாள். அந்த இலையுதிர் காலத்தில் குடிக்கணக்கு எடுக்க வந்தவர் எத்தனை மகள் என்று கேட்டார். ஒருத்திதான், ரெண்டு பேரும் வீட்ல இருக்காங்க, என்றாள் ஒய்தின். அவர் அப்படியே எழுதிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.