நாலாம் நாள் புரட்டல்

காற்று மாறி வீசியதும் வேலாப்போடியாரின் மூக்கில் உறைத்தது. அயல் வளவில் ஜவாஹிர் பாடம் போட்டிருந்த புகையிலை. நாலு நாளைக்கு ஒருமுறை அடுக்கைப் பிரித்துப் புரட்டிப் போட்டால் பாணிபோல மணக்கும். விட்டுவிட்டால் உள்ளுக்குள் வெந்து மூத்திர நெடி அடிக்கும். இப்போது அடித்தது அந்த நெடிதான்.

ஜவாஹிர் மௌத்தாகி ஏழு நாள். மனைவி ஸல்ஹா இத்தாவில் இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும். கபுறடக்கத்துக்கு வந்த அவளுடைய தமையன் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். அவளுக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இந்த வருடத்துச் சோறு அந்த அடுக்குத்தான்.

எழும்பியவரை மனைவி இலட்சுமி மறித்தாள்.

"இஞ்சருங்க, கையில விரதக் காப்பு. வெருகல் கோயில் தீர்த்தத்துக்கு நாலு நாள்தான் கிடக்கு. காவடி நேர்ந்தவர் செத்தவீட்டு வளவுக்குள்ள போறதோ?"

"முருகனுக்கு நான் சொல்லிக்கொள்ளுவன். அந்தப் பிள்ளையளுக்கு ஆர் சொல்லுறது?"

காப்பை அவிழ்த்துச் சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டார். இலட்சுமி முணுமுணுத்துக்கொண்டே சேலையை இழுத்துச் செருகிப் பின்னால் போனாள்.

கொட்டிலில் சாக்குகளை நீக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. நெல் விதைத்தே பழகியவர் அவர். எடுத்த வரிசையிலேயே திரும்பவும் அடுக்கினார். ஸல்ஹா வீட்டின் பின்பக்கச் சன்னல் கொஞ்சம் திறந்தது.

"அண்ணன்! அப்பிடி அடுக்கினா நடுவில கிடந்தது திரும்பவும் நடுவிலதான் வேகும். ஆறவிட்டு, வெளி இலைய உள்ளுக்கு வைங்க."

வேலாப்போடியார் திடுக்கிட்டார். "பாத்துக்கொண்டா இருந்தனீங்க, தங்கச்சி? முதலே சொல்லியிருக்கலாமே!"

"விரதக்காரரோட செத்தவீட்டுக்காரி கதைக்கப்படாதெண்டு இருந்தனான். நாலு நாளா ஆள் விட்டுக் கேக்கவும் மனம் வரேல்ல."

"இத்தாவில கதைக்கப்படாதெண்டு நானும் வாசலில கூப்பிடேல்ல."

"உங்க ரெண்டு பேரின்ர மரியாதையில இலை வெந்துபோச்சு!" என்றாள் இலட்சுமி.

சன்னலுக்குள் ஒரு சிரிப்பு எழுந்தது. அது முடியுமுன்பே அழுகையானது. இலட்சுமி இலையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

நடுவில் ஒரு கடகப் பெட்டியளவு கறுத்து அழுகியிருந்தது. மற்றதெல்லாம் தப்பியது.

அடுத்த புரட்டல் தீர்த்தத்தன்று வந்தது. காலையில் அரோகரா முழக்கத்தோடு வெருகலுக்குப் போன லொறி கொட்டிலடியில் நின்றது. அவரோடு காவடி நேர்ந்திருந்த காசிநாதர் மேலிருந்து கை நீட்டினார்.

"போடியார், ஏறுங்க! ஒராளுக்கு இடமிருக்கு."

வேலாப்போடியார் பாதி பிரித்த அடுக்கைப் பார்த்தார். நெஞ்சு ஒருகணம் லொறியோடு போனது.

"பிரிச்சதை விட்டிட்டு வர ஏலாது. என்ர பேரிலயும் ஒரு முழுக்குப் போடுங்க."

லொறி போனது. புகையிலைச் சாறு ஊறிப் பழுப்பேறிய கைகளை, வெருகல் இருக்கும் திசை பார்த்துக் கூப்பினார். அந்தக் கைகளைத் தெய்வம் தள்ளிவிடாது என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணன், அடுத்த வரிசை," என்றது சன்னல்.

"ஓம் தங்கச்சி," என்று குனிந்தார்.