ஒன்பது பாக ஆழத்தில் ஒரு வாக்கு

1948 பிப்ரவரி முதல் வாரத்தில், தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலில் ஒன்பது பாக ஆழத்தில், சென்னைச் சட்டசபையின் விவாதங்கள் கேட்கத் தொடங்கின. பாகம் என்பது விரித்த இரண்டு கைகளின் நீளம். எட்டுப் பாகத்தில் எதுவும் கேட்கவில்லை. பத்தில் குரல்கள் கலந்துவிட்டன. ஒன்பதில் தெளிவாக இருந்தது. முதலில் கேட்டவர் பவுல் பர்னாந்து, வயது நாற்பத்திரண்டு. கடலில் முத்து விளையாமல் போய் இருபது வருடங்கள் ஆகியிருந்தன. முத்துக் குளித்தவர்கள் எல்லாரும் சர்க்காருக்காகச் சங்கு குளித்துக்கொண்டிருந்தார்கள். அன்று பதினொரு மணி வாக்கில் பவுல் மூன்று சங்குகளோடு மேலே வந்து, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "கனம் சபாநாயகர் அவர்களே" என்றார். கயிற்றைப் பிடித்திருந்த மச்சான் அருமைநாயகம், அவர் காதில் தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைத்துத் தலையைச் சாய்த்துத் தட்டினார்.

மறுநாள் அங்கே சங்கு குளித்த அறுபது பேருக்கும் கேட்டது. பதினொரு மணிக்கு மணி அடிக்கும். பிறகு கேள்வி நேரம். ஞாயிற்றுக்கிழமை சபை கூடுவதில்லை, இவர்களும் கோயிலுக்குப் போனார்கள், ஆகவே அதில் சிரமம் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோன பழைய மெம்பர் ஒருவருக்காகச் சபை இரண்டு நிமிடம் எழுந்து நின்றபோது கடலடியில் நண்டுகள்கூட நகரவில்லை என்று கீழே இருந்தவர்கள் சொன்னார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு கேள்விதான் கிடைக்கும், அல்லது அதற்குரிய பதில். அவரவர் கேட்டதை அப்படியே மனத்தில் வைத்துக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தார்கள். இங்கிலீஷில் வந்ததை ஓசையாகக் கொண்டுவந்தார்கள். தெலுங்கில் வந்ததையும் அப்படியே. பவுலின் மகள் அற்புதமணி கரையில் உட்கார்ந்து இங்கிலீஷைத் தமிழாக்கினாள், தெலுங்கைத் துறைமுகத்துக் கப்பலாட்களிடம் கேட்டுக்கொண்டாள், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி ஒரு நோட்டில் எழுதினாள். மறுநாள் ரயிலில் வரும் பத்திரிகையில் அதுவே இருந்தது. பத்திரிகை விட்டுவிட்ட துணைக் கேள்விகளும் அவளிடம் இருந்தன.

அற்புதமணிக்குப் பத்தொன்பது வயது. பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரீகளின் விடுதியில் தங்கி இண்டர்மீடியட் படித்திருந்தாள். கணக்கில் முதல் வகுப்பு. அதற்கு மேல் கணக்குப் படிக்க மெட்ராஸ் போக வேண்டும். பவுல் அதுவரை மெட்ராசைப் பார்த்ததில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார். ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு, யாருக்கும் ஆட்சேபம் உண்டா என்று கேட்டுக் கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், பிறகு கல்யாணம். ஈஸ்டர் மார்ச் கடைசியில் வந்தது.

அந்த பிப்ரவரியில்தான் சர்வகலாசாலை வளாகங்கள் பற்றிய மசோதா சபைக்கு வந்தது. மாகாணத்தில் மூன்று வளாகங்கள் கட்டுவது என்று ஒரு கமிட்டி சிபாரிசு செய்திருந்தது. மூன்றும் உள்நாட்டில். தூத்துக்குடிக் கரையின் மெம்பர் நயினார் என்ற வக்கீல், நான்காவதாகத் தூத்துக்குடியைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதைப் பவுல்தான் மேலே கொண்டுவந்தார். அன்று மாலை வலைக்கூடையைக் கழுவியபடியே மகளிடம் சொன்னார்.

"ஏளா, சபையில நம்ம ஊருக்குன்னு முடிவாச்சுன்னா நீ படி. இல்லன்னா ஈஸ்டர் கழிஞ்ச ஞாயித்துக்கெழம ஓலை வாசிச்சிருவாவ. அதுக்கு மேல எங்கிட்ட வாயாடக் கூடாது."

"சபையில ஜெயிச்சா மட்டும் போதுமாப்பா? கொழும்புக்காரருட்ட யாரு சொல்லுவா?"

"அதெ நான் சொல்லிக்கிடுதேன். நீ மொதல்ல சபையச் சொல்லு. இன்னைக்கு அந்தக் கட்டையான கொரலு என்ன சொல்லிச்சு?"

கட்டையான குரல் கல்வி மந்திரியுடையது. பரிசீலிக்கப்படும் என்று சொல்லியிருந்தது.

விவாதம் ஐந்து வாரம் நடந்தது. உப்புக் காற்றில் விஞ்ஞானக் கருவிகள் துருப்பிடித்துவிடும் என்றார் ஒரு மெம்பர். துறைமுகத்தின் சத்தத்தில் படிப்பு ஏறாது என்றார் இன்னொருவர். கடலில் மூழ்கிப் பிழைப்பவர்களுக்கு உயர்கணிதம் எதற்கு என்று மூன்றாமவர் கேட்டபோது கீழே பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு கயிறுகளும் ஒரே நேரத்தில் அசைந்தன. நயினார் எழுந்து, வேம்பாரிலிருந்து ஆத்தூர் வரை இண்டர்மீடியட் தேறிய பெண்களின் பெயர்களைப் படித்தார். பதினொரு பெயர்கள். மெட்ராசுக்கு நானூறு மைலுக்கு மேல் ரயில், இவர்களில் ஒருத்திகூட ஏறவில்லை என்றார். ஏழாவது பெயர் அற்புதமணி. அதைக் கேட்டுக்கொண்டு வந்தவர் வேறொரு வள்ளத்துக்காரர். அவர் சங்கு எடுக்க மறந்து வெறுங்கையோடு ஏறினார்.

சங்கு வரத்து பாதியாகக் குறைந்தது. மீன்துறை ஆபீசர் ஒருவர் விசாரிக்க வந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. ஒரு கயிற்றை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் ஒருவர் மேலே வந்து, மீன்துறை ஆபீசர்களுக்குக் குடியிருக்க வீடு கட்டித் தருவது பற்றிய கேள்விக்கு மந்திரி பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றார். ஆபீசர், என்ன பதில் என்று கேட்டார். மூச்சு அவ்வளவுதான் இருந்தது என்றார் அவர். ஆபீசர் அவரை உடனே மறுபடியும் இறங்கச் சொன்னார். அதற்குப் பிறகு விசாரணை இல்லை.

மார்ச் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை வாக்கெடுப்பு. பவுல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் இறங்கினார். அந்தக் கடலில் குளிப்பவரின் கயிற்றை அவர் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். தங்கச்சியோ அக்காளோ தாலி அறுக்க அவன் விடமாட்டான் என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. கயிறு பிடிப்பவர் விசுவாசப் பிரமாண ஜெபத்தை மனத்துக்குள் இரண்டு முறை சொல்வார். அதற்குள் கீழிருந்து கயிறு அசைய வேண்டும். அசையாவிட்டால் கேட்காமல் இழுத்துவிட வேண்டும். அருமைநாயகம் இரண்டாவது முறை ஆமென் சொன்னபோது கயிறு அசையவில்லை. இழுத்தார். வரவில்லை. வள்ளம்தான் கயிற்றை நோக்கிச் சாய்ந்தது.

கீழே பவுல் குந்தியிருந்தார், ஒரு கை சங்கின் மேல் இருந்தது. திருத்தத்தை ஆதரிக்கும் கனம் மெம்பர்கள் எழுந்து நிற்கவும் என்று சபாநாயகர் சொன்னார். பவுல் எழுந்து நின்றார். யோசிக்கவில்லை என்று பிறகு சொன்னார். நின்ற பிறகுதான் யோசித்தார். எண்ணி முடிக்கும் முன் போய்விட்டால் கணக்கு தவறிவிடும். ஒருவர் குறைந்து போனால் அது தன்னால் ஆனதாக இருக்கும். சபைக் குமாஸ்தா முதல் வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு வருவது கேட்டது.

பக்கத்து வள்ளத்திலிருந்து ஒருவர் குதித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நிக்கான்."

"என்னலே நிக்கான்? உசிரு இருக்கா?"

"இருக்கு. கைய ரெண்டையும் தொங்கப் போட்டுக்கிட்டு நேரா நிக்கான். கண்ணு தொறந்திருக்கு. என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனான், தொடாதேங்கிற மாதிரி."

"எதுக்குலே நிக்கான்?"

"அங்கன எண்ணிக்கிட்டு இருக்காவ அண்ணாச்சி."

அருமைநாயகம் கயிற்றைப் பார்த்தார். அது தண்ணீருக்குள் ஒரு தூணைப்போல நேராக இறங்கியிருந்தது. பதினான்கு வருடமாக அவர் அந்தக் கயிற்றைப் பிடித்துவந்தார். வெட்டுக்கத்தி காலடியில் கிடந்தது. தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. இழுப்பதை நிறுத்திக் கயிற்றை உள்ளங்கையில் தளர்வாக வைத்துக்கொண்டார். "எண்ணட்டும்" என்றார். விசுவாசப் பிரமாணத்தை முதலிலிருந்து, இந்த முறை உரக்க, ஆரம்பித்தார். மற்ற வள்ளங்கள் சுற்றிலும் வந்து நின்றன. வள்ளங்களில் இருந்த எல்லாரும் அவரோடு சேர்ந்து சொன்னார்கள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கீழே நிற்கும் மனிதரின் தலைக்கு மேல் மீன்கள் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

சென்னையில் நடந்தது அச்சிட்ட சபைக் குறிப்புகளிலிருந்து தெரிகிறது. அன்று சபாநாயகரைத் தவிர வந்திருந்தவர்கள் நூற்று அறுபத்தாறு பேர். ஆதரவு எண்பத்து நான்கு. எதிர்ப்பு எண்பத்து மூன்று. கூட்டினால் ஒன்று அதிகம். எதிர்த்தவர்கள் ஆட்சேபித்தார்கள். மறுபடியும் எண்ணினார்கள். அதே எண். மூன்றாம் முறை சபாநாயகரே மேடையிலிருந்து இறங்கி எண்ணினார். கடைசி வரிசையில், காலியான ஒரு நாற்காலிக்கு முன், தரை ஈரமாக இருந்தது. ஈரத்தில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. சபாநாயகர் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. மேடைக்குத் திரும்பி, நின்றவரை எண்ணியாகிவிட்டது, நின்றவர் எங்கே நின்றார் என்று கேட்க விதிகளில் இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். திருத்தம் நிறைவேறியது.

கயிறு அசைந்தது. நாற்பத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பவுல் மேலே வந்து, எல்லாரையும்போல ஒரு மூச்சு வாங்கினார்.

"எந்தங்கச்சிட்ட நான் என்னன்னு வே சொல்லியிருப்பேன்?" என்று அருமைநாயகம் அவர் தோளில் ஓங்கி அறைந்தார். "என்னன்னு சொல்லியிருப்பேன் வே?"

"ஜெயிச்சாச்சுன்னு சொல்லும்" என்றார் பவுல். "ஒரு ஓட்டுல."

வள்ளங்கள் சேரும் முன்பே கரைக்குச் செய்தி போய்விட்டது. அற்புதமணி முழங்கால் தண்ணீர்வரை இறங்கி வந்தாள். அப்பாவின் ஈரமான நெஞ்சில் காதை வைத்தாள். உள்ளே சபை நடந்துகொண்டிருந்தது. அடுத்த அலுவலாக வைக்கோல் பஞ்சம் பற்றிப் பேசினார்கள். அவள் முழுவதையும் கேட்டாள். பவுல் அசையாமல் நின்று கொடுத்தார். அன்று சாயங்காலமே அவர் கோயில் சாமியாரிடம் போய் ஓலை வேண்டாம் என்றார், கொழும்புக்கு ஒரு கடிதமும் எழுதச் சொன்னார். கூட்டத்தொடர் முடிந்ததும் கடலடி பழையபடி அமைதியாகிவிட்டது.

1949 ஜூலையில் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு பஞ்சுக் கிடங்குகளில் தற்காலிகமாக வகுப்புகள் தொடங்கின. சேர்க்கைக்கு முதல் நாளே அற்புதமணி போனாள். குமாஸ்தா ஆத்தூர்க்காரர். விண்ணப்பத்தைப் படித்தார், தந்தையின் தொழில் என்ற இடத்தில் நின்றார். சங்கு குளிப்பவர் என்று எழுதியிருந்தது.

"சட்டசபையில ஓட்டுப் போட்டவரு மகதானம்மா நீ? அத எழுதலியே."

"அது ஒரு நாள் வேலதான அண்ணாச்சி."

சரிதான் என்று குமாஸ்தா முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.