ஒண்டிக்கடையில் நின்ற ஜீப்

அண்ணன் சந்திரசேகரின் போன் வந்தபோது ராசாத்தி மலைமேல் தான் வேலை பார்த்த ஹோட்டலின் இரண்டாம் மாடியில் குளியல் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தின் குழந்தை தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு விளையாடியதில் தரையெல்லாம் நுரை வழிந்து கிடந்தது.

"ராசாத்தி, மோனிஷா பள்ளத்துல உழுந்துட்டா. தலையில நொம்ப அடி. ஜீப்புல கூட்டியாறோம். நீ ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

பள்ளத்துக்கு ஏன் போனாள் என்று ராசாத்தி கேட்கவில்லை. அவர்கள் ஊரான தலைச்சோலையில் இருப்பவர் யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்கு மேல் மேட்டில் நிலம் வாங்கிய யாரோ ஒருவர் ஆழமாகப் போர்க் கிணறு போட்டு, ஹோட்டல்களுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் விற்கத் தொடங்கிய பின், ஊர்க் கிணறு கோடைக்குத் தாங்குவதில்லை. குழாயில் காற்றுதான் வந்தது. குடிக்க வேண்டுமென்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் இறங்கி, பள்ளத்து ஊற்றுக்குப் போக வேண்டும்.

அண்ணன் மகள் மோனிஷா சேலத்தில் காலேஜ் படிப்பவள். லீவுக்கு வந்தவள், ஊராரோடு தாலுகா ஆபீசுக்குப் போய், "சார், உங்க ஊட்டுல குழாய தொறந்தா தண்ணி வருதுங்களா?" என்று கேட்டாள். கோடை விழா முடியட்டும், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கோடை விழாவுக்கு வந்த கார்கள்தான் இப்போது சாலை முழுக்க நின்றன. ராசாத்தி யூனிஃபார்மோடு ஓடினாள். ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு அருகில், போலீஸ் வைத்திருந்த இரும்புத் தடுப்புக்குப் பின்னால், ஜீப் நின்றது. அண்ணனின் மடியில் மோனிஷாவின் தலை. சுற்றியிருந்த துண்டு நனைந்து கறுத்துவிட்டது. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, வழி உடுங்க! புள்ள உசுருக்குப் போராடுதுங்க!"

"எல்லா வண்டியும்தான் நிக்குது. கொஞ்சம் பொறும்மா," என்றார் தடுப்பருகே நின்ற போலீஸ்காரர். ஜீப்புக்குள் அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது பின்னாலிருந்து டேங்கர் லாரி ஹாரன் அடித்தது. போலீஸ்காரர் தடுப்பை இழுத்து ஓரமாக ஒரு வழி விட்டார். லாரி தண்ணீரைச் சிந்திக்கொண்டே முன்னால் போனது. ஜீப் டிரைவர் அதன் பின்னால் வண்டியை நகர்த்துவதற்குள் தடுப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

ராசாத்தி தடுப்பைப் பிடித்து உலுக்கினாள். கத்தினாள். திரும்பிப் பார்த்தபோது அண்ணன், "சாமி... கண்ணு..." என்று மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். மோனிஷாவின் மூச்சு நின்றிருந்தது.

சந்திரசேகர் மகளைத் தூக்கிவந்து நடுரோட்டில் கிடத்தினான். நாகலூர் பஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்த எஸ்டேட் ஆட்கள், ஹோட்டல் வேலைக்காரர்கள், விழாவில் கடை போட வந்தவர்கள் எல்லோரும் கூடினார்கள். விஷயம் வாய்க்கு வாய் பரவியது. ஒரு காரின் கண்ணாடி பாதி இறங்கியது.

"பாடியை ஓரமா வைங்கப்பா. எங்களுக்கு செக்-இன் டைம் ஆகுது."

முதல் கல்லை யார் எறிந்தது என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். ராசாத்திக்குத் தெரியாது. இரண்டாவது கல் அவளுடையது. தடுப்பைத் தாண்டியும் நெரிசலில் மாட்டி நின்றிருந்த டேங்கர் லாரியின் பக்கக் கண்ணாடி அதில் நொறுங்கியது.

போலீஸ் தடியைச் சுழற்றியது. ஓடிய கூட்டம் கடைகள் மேல் விழுந்தது. கந்தசாமி ஸ்டோர்ஸின் கண்ணாடி உடைந்ததும் உள்ளே புகுந்தார்கள். தொப்பி, சாக்லேட், சிப்ஸ் பாக்கெட், கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளினார்கள். காப்பி பறிக்கும் ராணி ஒரு பெரிய பொம்மைக் கரடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பிள்ளையே இல்லை. எதற்கு எடுத்தாய் என்று பின்னாளில் ராசாத்தி கேட்டபோது, "தெரியலக்கா, தெனம் அந்தக் கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துருக்கேன்" என்றாள்.

ராசாத்தியும் உள்ளே போனாள். தண்ணீர் பாட்டில் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, மோனிஷாவின் அருகில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். முகத்தைக் கழுவினாள். முடியில் ஒட்டியிருந்த ரத்தத்தையும் மண்ணையும் கழுவினாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். காருக்குள் இருந்தவர்கள் அதைப் போனில் படம் எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் போலீஸார் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் டி.வி.யில் அவள் பாட்டில் கட்டோடு வரும் காட்சி திரும்பத் திரும்ப ஓடியது. சுற்றுலாத் தலத்தில் சூறையாடல் என்றார்கள் செய்தியில். பிணத்தைக் காட்டவில்லை.

"யார் தூண்டிவிட்டது?" என்றார் இன்ஸ்பெக்டர். "வெளியூர் ஆளா?"

"உங்காளுதானுங்க. ஜீப்ப நிறுத்திட்டு லாரிக்கு வழி உட்டாரே, அவருதான்."

அவர் மேசையை அறைந்தார். ராசாத்தி கண்ணைத் தாழ்த்தவில்லை.

கந்தசாமி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். சேலம் அம்மாபேட்டையிலிருந்து மலையேறி வந்து, தள்ளுவண்டியில் தொடங்கிக் கடை வைத்தவர். கையில் கண்ணாடி கிழித்த காயத்துக்குக் கட்டு.

"நான் என்னம்மா பண்ணுனேன்? நானா போர் போட்டேன்? நானா அந்தப் புள்ளைய நிறுத்துனேன்? என் பொழப்ப எதுக்கு ஒடைச்சீங்க?"

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்க," என்றாள் ராசாத்தி. "போர் போட்டவனோட ஊடு எங்க இருக்குதுன்னே எங்களுக்குத் தெரியாதுங்க. இத்தன வருசத்துல ஒரு நா அவன் மொகத்தப் பாத்ததில்ல. உங்க கடைதான் கைக்கு எட்டுச்சு."

வழக்கு இல்லாமல் இன்சூரன்ஸ் கிடைக்காது என்று யாரோ கந்தசாமியிடம் சொல்லியிருந்தார்கள். அவளைப் பார்க்காமலே, அவள்மேல் எழுதியிருந்த புகாரில் கையெழுத்துப் போட்டார்.

ஜாமீனில் வெளியே வந்தபோது ஹோட்டல் வேலை போயிருந்தது. டேங்கர் லாரி புதுக் கண்ணாடியோடு, முன்னால் போலீஸ் ஜீப் துணை வர, ஓடிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய ராசாத்தி வீட்டுக்குப் போகாமல், கையில் பையோடு நேரே மேட்டுக்கு நடந்தாள். போர்க் கிணற்றுக்குப் போகும் மண்பாதையை மறித்து ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ராணியும் வந்திருந்தாள். ராசாத்தி நடுவில் போய் உட்கார்ந்தாள்.

லாரி வந்து நின்றது. ஹாரன் அடித்தது. போலீஸ்காரர்கள் மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், போனில் யாரிடமோ பேசினார்கள். விழாவின் கடைசி நாளுக்கு மந்திரி வருகிறார், இன்னொரு கலவரம் வேண்டாம் என்று உத்தரவு வந்ததாம். லாரி மெல்லப் பின்வாங்கி, திரும்பி, காலியாகவே இறங்கிப் போனது.

பெண்கள் கை தட்டிக் கூவினார்கள். ராசாத்தியால் கூவ முடியவில்லை. இவ்வளவு லேசாகத் திருப்பி அனுப்பக்கூடிய லாரியா இது? இதற்காகவா அன்று மோனிஷாவின் ஜீப்பை நிறுத்தினார்கள்? மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, லாரி போன திசையில் வீசினாள்.