நாத்தனாரின் ஆறு தேதிகள்

கம்ப்யூட்டர்க்காரிக்கு அன்று காலை காபி கூடத் தேவைப்படவில்லை. தையல்காரர்கள் எழுதும் வலைப்பதிவுத் தளத்தைப் பராமரிப்பது அவள் வேலை. பதிவுகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் முறைத்துக்கொண்ட தடவைகளின் பட்டியலில் ஒரே பெயர் ஆறு தடவை இருந்தது. அது அவள் நாத்தனாரின் பெயர்.

பழைய பதிவைத் திறந்து, மார்ச் பதினைந்து, பதினெட்டு, இருபது என்று தேதியை மாற்றிப் பார்த்திருக்கிறாள். ஆறு தடவையும் திரை நிறையச் சிவப்பு எழுத்து.

"அப்படிப் போகுதா கதை!" என்றாள் கம்ப்யூட்டர்க்காரி. குரலில் கவலையை விடச் சந்தோஷம்தான் தூக்கலாக இருந்தது. கல்யாணத்தன்று புடவை மடிப்பைப் பற்றி நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தையை எட்டு வருஷமாகப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவள் அல்லவா.

விஷயம் இதுதான். மடித்தால் பர்ஸாகிவிடும் துணிப்பைக்குத் தளத்தில் போட்டி. யாருடைய மாதிரி முதலில் வந்ததோ அவருக்கே பரிசு, பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை வேலையும். ரிட்டையரான நூலகர் ஒருவரின் பை ஏப்ரல் இருபதில் வந்திருந்தது. அச்சு அசல் அதே மாதிரியான நாத்தனாரின் பையில் மே மூன்று என்றிருந்தது. முடிவு இன்று மாலை ஐந்து மணிக்கு.

கம்ப்யூட்டர்க்காரி நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள்.

"சொந்தக்காரின்னு மறைக்கக் கூடாது பாருங்க மேடம். நூலகருக்கு முந்தின தேதியா போட ஆறு தடவை முயற்சி பண்ணியிருக்கா."

"அடப்பாவமே, பாத்தா சாது மாதிரி இருக்குமே அந்தப் பொண்ணு." முதலாளியம்மா போட்டிப் பட்டியலில் இருந்த பெயரைப் பேனாவால் அடித்தார். "சரி, அந்தச் சிவப்பு எழுத்தை மொதல்ல நிறுத்து. கம்ப்யூட்டரே வெடிச்சிடுச்சுன்னு நாலு பேர் போன் பண்ணிட்டாங்க."

அது நியாயமான புகார். பிழை வந்தால் அதைப் பிடித்து, பழைய தேதியை அப்படியே வைத்து, 'தேதி சேமிக்கப்படவில்லை, சரிபாருங்கள்' என்று மரியாதையாகச் சொல்லும்படி எழுதினாள். சோதித்துப் பார்க்கத் தன் பதிவு ஒன்றையே திறந்தாள். பிப்ரவரி ஏழில் எழுதியது. ஒரு காற்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டுச் சேமித்தாள்.

பிழை எதுவும் வரவில்லை. பதிவின் தேதி மட்டும் ஜூலை இரண்டு என்றானது. இன்றைக்கு மே மாதம் பத்துதான்.

தேதியை வாங்கும் படிவத்தைத் திறந்து பார்த்தாள். பழைய பதிவில் எதைத் திருத்தினாலும் தேதியும் கூடவே டேட்டாபேஸுக்குப் போகும். படிவம் நாள் எண்ணை முதலில் அனுப்புகிறது, டேட்டாபேஸோ அதை மாதமாக வாசிக்கிறது. நாள் பன்னிரண்டுக்குள் இருந்தால் நாளும் மாதமும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். பன்னிரண்டைத் தாண்டினால்தான், அப்படி ஒரு மாதமே இல்லையே என்று அது கத்தும். படிவத்தை எழுதியது வேறு யாரும் இல்லை, இவள்தான்.

பதிவு முதன்முதலில் சேமிக்கப்பட்ட நேரம் யாரும் தொட முடியாத ஒரு கட்டத்தில் தனியாக இருக்கும். காலையில் அதைப் பார்க்க இவளுக்கு அவசரம் இடம் கொடுக்கவில்லை. இப்போது நாத்தனாரின் பதிவில் பார்த்தாள்: மார்ச் ஐந்து.

மணி நாலே கால். போனை எடுத்தாள்.

"மார்ச் பதினஞ்சுன்னு ஏன் மாத்தினே?"

"நான் எங்க மாத்தினேன் அண்ணி? படத்தைத்தான் மாத்தினேன், தேதி தானா மே மூணுக்குப் போயிடுச்சு. மார்ச் அஞ்சு போட்டா நிக்கவே மாட்டேங்குது. வேற ஏதாவது தேதியாவது நிக்குதான்னு பாத்தேன். உங்களைக் கேக்கலாம்னுதான் நெனச்சேன்."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, ஒரு தேதி கூடப் போடத் தெரியலையான்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிப்பீங்க."

சிரித்திருப்பாள்தான்.

"தப்பு என்னோடது. நீ திருட்டுத்தனம் பண்றேன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன். இப்பவே போய்ச் சரி பண்றேன்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது.

"அவங்ககிட்ட மட்டும் சொன்னா போதாது அண்ணி. தளத்துலயே எழுதுங்க. தேதியோட."

எல்லாவற்றையும் கேட்ட முதலாளியம்மா, அடித்த பெயரை நூலகருக்கு மேலே மறுபடி எழுதிக்கொண்டே, கண்ணாடிக்கு மேலே அவளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படிவத்தைச் சரிசெய்து முடித்து, மன்னிப்பை எழுதிப் போட்டாள். அவசரத்தில் ஓர் எழுத்துப்பிழை. திருத்திச் சேமித்தாள். மே பத்து என்றே இருந்தது. பக்கத்தை மூடித் திறந்து பார்த்தாள், இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகு முதலாளியம்மாவின் கம்ப்யூட்டரிலும் போய்ப் பார்த்தாள்.