சொல்யூஷன் வாசனை

சம்பூர்ணத்தின் வெள்ளாடு குட்டி போட்டதா என்று எங்கோ பனிமலையில் காவல் நிற்கும் பட்டாளத்துத் தம்பி கேட்டபோது, மோகனாவுக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பரணிதரன் பேசுவான். மேலே டவர் கிடையாது. கீழே இறங்கி வந்தால்தான் போன். அந்தக் கொஞ்ச நேரத்திலும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் பங்கு.

"அவங்க ஆட்டைப் பத்தி எனக்கு இன்னாடா தெரியும்?"

"லெட்டர்ல எழுதியிருந்தாங்கக்கா. யாரோ தைக்கக் குடுத்த ஜாக்கெட் துணியத் தின்னுடுச்சாம்!" விழுந்து விழுந்து சிரித்தான்.

பொங்கல் லீவில் வந்தவன், "யாராவது லெட்டர் போடுங்கப்பா" என்று தெருவில் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். தெருவே தலையாட்டியது. எழுதியது ஜாக்கெட் தைக்கும் சம்பூர்ணம் ஒருத்திதான். அதையும் மோகனாவிடமே கொடுத்தனுப்புவாள். ஆம்பூரில் மோகனா வேலை பார்க்கும் ஷூ கம்பெனிக்கு எதிரேதான் தபால் பெட்டி.

அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் மோகனா. பேஸ்டிங் செக்‌ஷனில் தோல் ஓரத்துக்கு சொல்யூஷன் பசை தடவி, மடித்து மடித்தே அவனைப் படிக்க வைத்தாள். எத்தனை சோப்பு போட்டாலும் விரலில் அந்தப் பசை நெடி போகாது. சோறு பிசைந்து ஊட்டினால், "சீ, கை நாறுது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்போது அவனுக்கு இன்னொரு அக்கா. நட்டவள் ஒருத்தி, அறுப்பவள் ஒருத்தி!

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், சம்பூர்ணம் கொடுத்த உறையைப் பிரித்துவிட்டாள். அப்படி என்னதான் மாயம் என்று பார்க்க வேண்டும்.

மாயம் ஒன்றும் இல்லை. ஆடு இன்னும் குட்டி போடவில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை. கோதண்டபாணி வீட்டுச் சேவல் விடிவதற்கு முன்பே கூவித் திட்டு வாங்குகிறது. 'இதுக்கா இவ்ளோ?' என்று பொருமினாள். பொருமும்போதே சேவலை நினைத்துச் சிரிப்பு வந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

கழிவுத் தோல் துண்டுக் கூடைமேல் கடிதத்தை நீட்டினாள். விட்டால் போதும். ஆனால் அங்கே தபால் வரும் நாளில் அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பானே! மோகனாவுக்காக இல்லைதான். இருந்தாலும் பார்ப்பான்.

உறையின் வாய் கிழிந்திருந்தது. வேறு வழியில்லாமல் மேசையிலிருந்த சொல்யூஷனையே பிரஷால் தடவி, அழுத்தி ஒட்டிப் பெட்டியில் போட்டாள்.

ரெண்டு ஞாயிறு கழித்து அவன் எடுத்த எடுப்பில் கேட்டான்: "அக்கா, அந்த லெட்டரை நீதானே ஒட்டின?"

அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"கவரைக் கையில வாங்கினதுமே சொல்யூஷன் வாசனை. நீ சோறு பிசைஞ்சு குடுப்பியே, அப்டியே அந்தக் கை. பக்கத்துக் கட்டில்ல இருக்கிற ஒடிசாக்காரன் மூக்கைப் பொத்திக்கினான். நான் தலகாணிக்குக் கீழ வச்சிக்கினு தூங்கினேன்."

"நாறுதுன்னு சொல்வியேடா…"

"அப்போ சொன்னேன். இனிமே எல்லா லெட்டரையும் நீதான் ஒட்டணும். சம்பூர்ணம் அக்காகிட்டயும் போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, சம்பூர்ணம் ஒட்டாத உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். முகம் தொங்கிக் கிடந்தது.

"விடிய விடிய எழுதறது நானு. தம்பிக்கு உன் பசைதான் ஒசத்தியாம்."

அந்தக் குரல் மோகனாவுக்கு நன்றாகத் தெரிந்த குரல். இத்தனை நாளும் அவளுடைய தொண்டையில்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்? உறையை வாங்கிக்கொண்டவள், ஏதோ தோன்றிக் கேட்டாள்:

"படிச்சிட்டு ஒட்டட்டுமாக்கா?"

"போன தபா என்னைக் கேட்டுக்கினா படிச்ச?" என்றாள் சம்பூர்ணம். "படி. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்குது."